குரூசர்ல போகேக்க தலை ஆடுதா? விண்ட்ஷீல்டும் டிஃப்ளெக்டரும் சரியா பூட்டுற விதம்

சிலாபம் தாண்டினா ரோட்டு நேரா விரியும், கொழும்பு ட்ராஃபிக்கில அடைபட்டுக் கிடந்த கை கொஞ்சம் முறுக்கும், ஸ்பீடோ 70ஐத் தொடும், அந்த இடத்திலதான் தொடங்கும். ஹெல்மெட்டை ஆரோ ரெண்டு பக்கமும் பிடிச்சு உலுப்புற மாதிரி இருக்கும், தூரத்தில வாற பஸ்ஸிட போர்ட்டை வாசிக்கேலாது, எழுத்தெல்லாம் நடுங்கும், ஹெல்மெட் நாடாட நுனி கழுத்தில படபடவெண்டு அடிச்சுக்கொண்டே வரும். அநுராதபுரத்தில தேத்தண்ணிக்கு இறங்கேக்க கழுத்து மரக்கட்டை, காதுக்குள்ள ஒரே இரைச்சல், கடைக்காரர் கேக்கிறதை ரெண்டாம் தரம் சொல்லச் சொல்லித்தான் விளங்கும். வெள்ளவத்தையில இருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர், அதை ரெண்டு தரம் இப்பிடி ஓடின பிறகுதான் இதுக்கு ஒரு முடிவு கட்டவேணும் எண்டு இறங்கினன்.

நான் ஓடுறது ஒரு பழைய யமஹா ட்ராக்ஸ்டார் 400, கால் முன்னுக்கு நீட்டி நிமிந்திருந்து ஓடுற குரூசர் மோட்டார் சைக்கிள். முதல் செய்த வேலை கனபேர் செய்யிறதுதான், ஒரு கடையில இருந்ததிலயே பெரிய விண்ட்ஷீல்டை, அதாவது முன்னால காத்தை மறைக்கிற கண்ணாடியை, வாங்கிக் கொண்டுவந்து பூட்டினன், பெருசா இருந்தா காத்தே படாது எண்டு நினைச்சு. நெஞ்சில காத்து நிண்டது உண்மை. ஆனா தலை முந்தி ஆடினதை விட மோசமா ஆடிச்சு, சத்தமும் கூட. அந்தக் காசு போனதாலதான் இதை வடிவா படிச்சன், அதை இதில சொல்லுறன்.

முதல்ல ஒண்டு விளங்கவேணும், காத்து அடிக்கிறது வேற, காத்து குழம்புறது வேற. கண்ணாடியே இல்லாத பைக்ல முகத்துக்கு வாறது பலமான காத்து, ஆனா சீரான காத்து, கழுத்து களைக்கும், தலை குலுங்காது. களனி ஆத்துப் பாலத்தில நிண்டு தூணைப் பாத்தா தெரியும், தூணுக்கு முன்னால தண்ணி அமைதியா வருது, தூணைத் தாண்டின உடன சுழிச்சு சுழிச்சு போகுது. உங்கட விண்ட்ஷீல்ட்தான் அந்தத் தூண், அதிட மேல் விளிம்பிலயும் பக்க விளிம்பிலயும் காத்து பிரிஞ்சு சுழியா உருளுது, அந்தச் சுழி போற பாதையில உங்கட ஹெல்மெட் இருந்தா தலை ஆடும். அவ்வளவுதான். அதால எங்கட வேலை காத்தை நிப்பாட்டுறது இல்ல, அந்தச் சுழியை தலைக்கு மேலால, இல்லாட்டி தோளுக்கு வெளியால அனுப்புறதும், முடிஞ்சா சுழியே உருவாகாம குறைக்கிறதும்.

இதோட இன்னொரு விஷயம் இருக்கு, இதைத்தான் கனபேர் கவனிக்கிறதில்ல. கண்ணாடிக்குப் பின்னால அழுத்தம் குறைஞ்ச ஒரு இடம் உண்டாகும், அந்த வெற்றிடத்தை நிரப்ப காத்து எங்கயாவது இருந்து வரத்தானே வேணும், அது கீழ இருந்து வரும். ஃபோர்க்குக்கும் (முன் சில்லைப் பிடிக்கிற ரெண்டு குழாய்) டேங்குக்கும் நடுவில இருக்கிற இடைவெளியால, ஹெட்லைட்டுக்குக் கீழால மேல ஏறி, நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்து நாடியில இடிக்கும். குரூசர்ல நாங்கள் இருக்கிற இருப்பும் இதுக்கு ஏத்த மாதிரித்தான், கால் முன்னுக்கு நீட்டி, கை அகட்டி, நெஞ்சை பாய்மரம் மாதிரி விரிச்சு வச்சிருக்கிறம். ஸ்போர்ட்ஸ் பைக் காரர் குனிஞ்சு தப்புவார், எங்களுக்கு அது இல்ல. வேகம் கூடக்கூட காத்திட பலம் வேகத்திட வர்க்கத்தில ஏறும், 40ல இருந்ததை விட 80ல நாலு மடங்கு, அதாலதான் காலி வீதியில ஒண்டும் தெரியாம இருக்கிற பிரச்சினை புத்தளம் ரோட்டில பூதமா நிக்குது.

சாமான் வாங்க முதல் காத்து எங்க இருந்து வருது எண்டு பிடியுங்கோ. எக்ஸ்பிரஸ்வேயில மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்ல, அதால நான் ஞாயிறு விடிய நீர்கொழும்பு தாண்டிப் போய்த்தான் பாக்கிறது, வாகனம் குறைவு. சட்டம் விடுற வேகத்துக்குள்ள ஒரே சீரா பிடிச்சுக்கொண்டு முதுகை நல்லா நிமித்திப் பாருங்கோ, பிறகு தோளைத் தளத்தி கொஞ்சம் குனிஞ்சு பாருங்கோ. ஃபுட்பெக், கால் வைக்கிற கட்டை, முன்னுக்கு இருக்கிற பைக்ல எழும்பி நிக்க வராது, அதுக்கு ஒரு துவாயை ரெண்டு மூண்டா மடிச்சு சீட்டில போட்டு அதுக்கு மேல இருந்து ஒருக்கா ஓடுங்கோ, தலை கொஞ்சம் உயரும். தலை உயரேக்க ஆட்டம் குறைஞ்சு சுத்தமான காத்து வந்தா கண்ணாடி உங்களுக்கு அரைகுறை உயரம், குறைச்சு வெட்டினா தீரும். குனியேக்க அமைதியானா உயரம் காணாது, இல்லாட்டி சுழி ஹெல்மெட்டிட மேல்பாதியில இடிக்குது. குனிஞ்சாலும் நிமிந்தாலும் ஒரே ஆட்டம், நாடியில கீழ இருந்து குத்துது எண்டா பிரச்சினை கண்ணாடியில இல்ல, கீழ் இடைவெளியில.

கண்ணால பாக்க விருப்பமெண்டா கம்பளி நூலை 10 சென்ரிமீட்டர் துண்டு துண்டா வெட்டி மாஸ்கிங் டேப்பால கண்ணாடிட மேல் விளிம்பு, உள்பக்கம், டேங்கிட மேல், ஃபோர்க் பக்கம் எல்லாம் ஒட்டுங்கோ. கூட்டாளி ஒருத்தர் பக்கத்து பைக்ல பின்னால இருந்து ஃபோனில வீடியோ எடுக்கட்டும், ஓடுறவர் எடுக்கக் கூடாது. நூல் நேரா பின்னுக்கு நீண்டு நிண்டா அந்த இடத்தில காத்து சுத்தம், வட்டம் அடிச்சா சுழி. என்ர பைக்ல டேங்குக்கு மேல ஒட்டின நூல் பின்னுக்குப் போகாம முன்னுக்கு, கண்ணாடியைப் பாத்து நிண்டது, வீடியோவில அதைப் பாத்த நேரம்தான் பின்னால காத்து உறிஞ்சப்படுது எண்டது எனக்கு உண்மையில விளங்கினது. முக்கியமா, போகேக்க ஒருக்கா, திரும்பி வரேக்க ஒருக்கா பாக்கவேணும். சோளகக் காலத்தில, மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும், வடக்கால போகேக்க காத்து இடப்பக்கப் பின்னால இருந்து தள்ளும், எல்லாம் அருமையா இருக்கும், திரும்பி கொழும்புக்கு வரேக்க அதே காத்து வலப்பக்க முன்னால இருந்து மூஞ்சியில வரும், அதே 70ல கண்ணாடிக்கு வாற காத்து 90 மாதிரி இருக்கும். வாடை காலத்தில இது மறுவளம். ஒரு பக்கம் மட்டும் ஓடிப் பாத்திட்டு கண்ணாடியை வெட்டிப்போடாதேங்கோ.

பெருசா காசு போகாத திருத்தம் ரெண்டு இருக்கு, அதை முதல் செய்யுங்கோ. ஒண்டு ஹெல்மெட். உள் ஸ்பொஞ்ச் தளந்து லூசா போன ஹெல்மெட் எந்தக் கண்ணாடி போட்டாலும் ஆடும், நாடாவைக் கட்டிப்போட்டு ஹெல்மெட்டை கையால பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ, கன்னத்துத் தோலும் சேந்து அசையவேணும், தோல் நிக்க ஹெல்மெட் மட்டும் சுத்தினா அது உங்களுக்குப் பெருசு. முன்னால தொப்பி மாதிரி பீக் இருக்கிறதை லோங் ரைடுக்கு கழட்டி வையுங்கோ, அது காத்தைப் பிடிச்சு தலையைப் பின்னுக்கு இழுக்கும். மற்றது காது. 60, 70லயே ஹெல்மெட்டுக்குள்ள காத்துச் சத்தம் 90 டெசிபலுக்குக் கிட்ட வரும், 85க்கு மேல மணிக்கணக்கா கேட்டா காது பழுதாகும், அந்தக் கேடு திரும்பி வராது. பாமசியில விக்கிற ஃபோம் இயர்ப்ளக் சின்னக் காசு, ஹோர்ன் சத்தம் அதோடயும் கேக்கும், இரைச்சல்தான் அடங்கும். இதை வற்புறுத்தித்தான் சொல்லுறன்.

இனி கண்ணாடி. உயரத்துக்கு ஒரு நல்ல கணக்கு இருக்கு, நீங்கள் ஓடுற மாதிரி இயல்பா இருக்கேக்க கண்ணாடிட மேல் விளிம்பு மூக்கு நுனி மட்டத்தில, இல்லாட்டி அதுக்கு கொஞ்சம் கீழ இருக்கவேணும். காத்து விளிம்பில முடியாது, அங்கயிருந்து இன்னும் கொஞ்சம் மேல ஏறித்தான் பின்னுக்கு வளையும், அதால மூக்கு உயரக் கண்ணாடி தலைக்கு மேலால காத்தைக் கொண்டுபோகும். கண்ணாடிக்கு மேலாலதான் ரோட்டைப் பாக்கவேணும், அதுக்குள்ளால இல்ல, இரவில மழை பெய்து எதிர்ல லொறி லைட் அடிச்சா கீறல் விழுந்த பிளாஸ்டிக்குக்குள்ளால ஒண்டும் தெரியாது, அந்த ஒரு காரணத்துக்காகவே உயரமான கண்ணாடி வேண்டாம் எண்டு சொல்லுவன்.

இதை அளக்கிறது இப்பிடி. ரைடிங் ஜாக்கெட், ஹெல்மெட், சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு பைக்கை நிமித்தி அதில இருங்கோ, ஆராவது பின்னுக்குப் பிடிக்கட்டும். எங்கட வீட்டில மனுசிதான் தும்புத்தடியைப் பிடிச்சவ, ஒரு நுனி என்ர மூக்குக்கு நேர, மற்ற நுனி கண்ணாடிக்கு நேர, தடியில ஃபோன் லெவலை வச்சு மட்டம் பாத்து கண்ணாடியில மாஸ்கிங் டேப்பால கோடு போட்டம். என்ர கண்ணாடி அந்தக் கோட்டை விட 9 சென்ரிமீட்டர் மேல நிண்டது, அதாவது விளிம்பு என்ர நெத்தியில, அதுக்குள்ளாலதான் நான் ரோட்டைப் பாத்துக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். உடன வெட்டாதேங்கோ, வெட்ட முதல் கண்ணாடிட சாய்வை மாத்திப் பாருங்கோ. நிமித்தி வச்சா காத்து உயரப் போகும், ஆனா பின்னால வெற்றிடம் பெருசாகும். படுக்க வச்சா காத்து வழுக்கிக்கொண்டு போகும், ஆனா தாழ்வா வரும். கிளாம்பைத் தளத்தி ஒரு விரல் அளவு மாத்தி, ஒருக்கா ஓடி, எழுதி வச்சு, பிறகு அடுத்தது. ஒரே நாளில ரெண்டு விஷயத்தை மாத்தினா எது வேலை செய்ததெண்டு தெரியாமப் போகும்.

கட்டாயம் வெட்டத்தான் வேணுமெண்டா ஒரேயடியா வேண்டாம், 2 சென்ரிமீட்டர் வெட்டி ஓடிப் பாத்து அடுத்த 2. மாஸ்கிங் டேப்பை ரெண்டு பக்கமும் ஒட்டி அதுக்கு மேல கோடு போட்டு, நுண்பல் பிளேட் போட்ட ஜிக்சோவால மெல்ல வெட்டி, அரத்தாலயும் சாண்ட் பேப்பராலயும் விளிம்பை வழுவழுவெண்டு உருட்டி விடவேணும், கூர் விளிம்பு ஆபத்தும் கூட, வெடிப்பும் அங்கயிருந்துதான் தொடங்கும். புதுசா வாங்கிறவை பொலிகார்பனேட் தானா எண்டு கேட்டு வாங்குங்கோ. அக்ரிலிக் தெளிவா இருக்கும், கீறலும் குறைவா விழும், ஆனா கல் பட்டா சில்லு சில்லா உடையும். பொலிகார்பனேட் அடி தாங்கும். பஞ்சிகாவத்தையில அலைஞ்சா பழைய ஜப்பான் பைக்குகளிட கண்ணாடி, கிளாம்ப் எல்லாம் கிடைக்கும், போக முதல் ஹேண்டில்பார் மொத்தத்தையும் ஃபோர்க் குழாய் மொத்தத்தையும் வேர்னியரால அளந்து எழுதிக்கொண்டு போங்கோ. குரூசர்ல பார் கனதரம் 1 இஞ்சி, அதாவது 25.4 மில்லிமீட்டர், மற்ற பைக்குகளில 22, கிளாம்ப் ஒண்டுக்கொண்டு ஏறாது.

இப்ப டிஃப்ளெக்டர், அதாவது காத்தைத் திருப்பி விடுற சின்னத் தகடு, எனக்கு உண்மையில விடிவு வந்த இடம் இதுதான். மூண்டு விதம். மேல் விளிம்பில கிளிப் பண்ணுற சின்னச் சிறகு, இதுக்கும் கண்ணாடிக்கும் இடையில ஒரு இடைவெளி விட்டுத்தான் பூட்டவேணும், அந்த இடைவெளியால ஓடுற காத்துதான் சுழியை உடைக்கும், ஒட்ட வச்சுப் பூட்டினா அது வெறும் உயரமான கண்ணாடி. ரெண்டாவது, ஃபோர்க்கில ரெண்டு பக்கமும் பூட்டுற கீழ் டிஃப்ளெக்டர், கண்ணாடிட கீழ் மூலைக்கும் டேங்குக்கும் நடுவில ஏறி வாற காத்தை வெளியால தள்ளும். மூண்டாவது, ஹெட்லைட்டுக்குக் கீழ ஃபோர்க் ரெண்டுக்கும் நடுவில மறைக்கிறது. இந்த மூண்டாவதுக்கு சாமானே வாங்கத் தேவையில்ல, லெதர் டூல் பை ஒண்டை அந்த இடத்தில பெல்ட்டால கட்டினா பாதிப் பிரச்சினை போகும், நாடியில இடிச்ச காத்து எனக்கு முதல் குறைஞ்சது அந்தப் பையாலதான். ஆனா ரேடியேட்டரோ ஒயில் கூலரோ இருக்கிற பைக்ல அதுக்கு முன்னால எதையும் கட்டாதேங்கோ, எஞ்சின் சூடாகி வேற செலவு வரும்.

கீழ் டிஃப்ளெக்டர் உங்கட மொடலுக்கு கிடைக்காட்டி செய்யலாம். முதல் காட்போட்டில வெட்டி டேப்பால ஒட்டி, பைக்கை நிப்பாட்டி வச்சு ஹேண்டிலை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பாருங்கோ, டேங்கில முட்டுதா, கேபிளை இழுக்குதா, சிக்னல் லைட்டை மறைக்குதா எண்டு. சரிவந்த பிறகு அதை 3 மில்லிமீட்டர் பொலிகார்பனேட் தகட்டில கீறி வெட்டலாம், என்ரது ஒரு உள்ளங்கை அகலம், ஒண்டரைச் சாண் நீளம். ஓட்டையை விளிம்பில இருந்து 15 மில்லிமீட்டராவது உள்ளுக்குப் போடுங்கோ, போல்ட்டை விட ஒண்டு ரெண்டு மில்லிமீட்டர் பெருசா, வெய்யிலில பிளாஸ்டிக் விரியும், இறுக்கமா இருந்தா ஓட்டையில இருந்து வெடிக்கும். ரெண்டு பக்கமும் ரப்பர் வொஷர், நட் இறுகினதும் நிப்பாட்டவேணும், இன்னும் ஒரு சுத்து எண்டு முறுக்கினா வெடிப்புத்தான். நட் கழராம இருக்க லொக்டைட் பசை போடுறது சில மெக்கானிக் பாஸ்மாருக்குப் பழக்கம், அது பொலிகார்பனேட்டில பட்டா வெடிக்கப் பண்ணும், அதுக்குப் பதிலா நைலோன் லொக் நட் போடச் சொல்லுங்கோ.

இவ்வளவும் செய்தும் முதுகில பிடிச்சு முன்னுக்குத் தள்ளுற மாதிரி இருந்தா கண்ணாடிட கீழ் போல்ட்டில 5 தொடக்கம் 10 மில்லிமீட்டர் ஸ்பேசர் வச்சு கீழ்ப்பக்கத்தை முன்னுக்குக் கொண்டுவந்து பாருங்கோ. கொஞ்சக் காத்து உள்ளுக்கு வந்து வெற்றிடம் நிரம்பும், கேக்க மாறி இருக்கும், கீழ அடைக்கச் சொல்லிப்போட்டு இப்ப விடச் சொல்லுறன் எண்டு, ஆனா ஃபோர்க்குக்கால குழம்பி வாற காத்து வேற, கண்ணாடியை ஒட்டி சீரா வாற மெல்லிய காத்து வேற. ஹார்லி டேவிட்சன் 2014 மொடல்களில தங்கட ஃபேரிங்குக்கு (ஹெட்லைட்டைச் சுத்தி இருக்கிற முன்மூடி) நடுவில திறந்து மூடுற ஒரு காத்துவழி வச்சதும் இதே காரணத்துக்குத்தான், பின்னால இருக்கிற அழுத்தக் குறைவை நிரப்ப.

பூட்டின உடன நேரா யாழ்ப்பாணம் போற ஏ9 ரோட்டுக்குப் போகாதேங்கோ. ஃபோர்க்கில பூட்டுற கண்ணாடி ஹேண்டிலோட சேந்து திரும்புறது, அதில படுற காத்து நேரா உங்கட ஸ்டியரிங்குக்கு வரும். 40, 50, 60 எண்டு படிப்படியா போய், ஹேண்டில் தானா ஆடுதா எண்டு பாருங்கோ. ஆடினா கண்ணாடியைக் கழட்டிப்போட்டு டயர் காத்தும் கோன் செட்டும் (ஹேண்டில் திரும்புற இடத்து பெயாரிங்) பாக்கச் சொல்லுங்கோ, தேஞ்ச கோன் செட்டை பெரிய கண்ணாடி வெளிச்சம் போட்டுக் காட்டும். எதிர்ல லொறி, தூரப் பயண பஸ் வரேக்க முதல் ஒரு தள்ளு, கடந்த உடன ஒரு இழுவை வரும், கண்ணாடி இருந்தா அது கூட, கையை இறுக்காம முழங்கையைத் தளத்தி வச்சு கொஞ்சம் இடப்பக்கம் விலகி நில்லுங்கோ. ஆனையிறவிலயும் மன்னார்ப் பாலத்திலயும் ரெண்டு பக்கமும் தண்ணி, மறைப்பு ஒண்டும் இல்ல, காத்துக் காலத்தில அங்க பக்கக் காத்து பைக்கை ஒரு முழம் நகத்தும். அந்த இடங்களில நான் 50க்கு இறங்கிடுவன்.

பின்னால ஆளை ஏத்திறவை அவையிட்டயும் கேளுங்கோ. எங்களுக்கு மேலால போன சுழி நேரா பின்னால இருக்கிறவரிட தலையில விழும், பின்சீட் உயரம். முதல் தரம் எல்லாம் சரி எண்டு நான் சந்தோசமா புத்தளத்தில இறங்க மனுசிக்கு தலையிடி. மேல் சிறகை ரெண்டு விரல் கீழ இறக்கி, எனக்கு கொஞ்சம் காத்து வாற மாதிரி விட்டன், அவவுக்கு சரியாப்போச்சு.

கழுவுறதில கவனம், கனபேரிட கண்ணாடி மங்கிறது ஓடினதால இல்ல, துடைச்சதால. புத்தளம் ரோட்டில பின்னேரம் ஓடினா பூச்சி ஒட்டி காய்ஞ்சிருக்கும், மறைன் டிரைவ் பக்கம் நிப்பாட்டி வச்சா உப்புத் தூள் படியும், அதில காய்ஞ்ச துணியைப் போட்டு உரஞ்சினா கீறல் நிச்சயம். நனைச்ச துணியை அப்பிடியே பத்து நிமிசம் மேல போட்டு ஊற விட்டு, பிறகு தண்ணி ஊத்தி, மெல்லிய சவர்க்காரத் தண்ணியில மிருதுவான துணியால துடைக்கவேணும். அமோனியா உள்ள ஜன்னல் கண்ணாடி க்ளீனர், பெற்றோல், தின்னர் ஒண்டும் படக்கூடாது, பிரேக் ஒயில் சிந்தினா உடன கழுவுங்கோ.

கடைசியா, கொழும்புக்குள்ள இதெல்லாம் தேவையில்ல. பம்பலப்பிட்டியில சிக்னலுக்கு சிக்னல் நிக்கேக்க கண்ணாடிக்குப் பின்னால காத்தே வராது, ஏர் கூல் எஞ்சின் சூடு முழுக்க தொடையில ஏறும், கீழ் டிஃப்ளெக்டர் இருந்தா இன்னும் மோசம். அதால வாங்கேக்கயே சாவி, ஸ்பானர் இல்லாம கழட்டுற கிளிப் உள்ளதா பாத்து வாங்குங்கோ, கொஞ்சம் விலை கூட எண்டாலும். என்ரது திங்கள் தொடக்கம் வெள்ளி வரைக்கும் பழைய சாரத்தில சுத்தி அலுமாரிக்குப் பின்னால நிக்கும், ஊருக்குப் போற அண்டு விடிய எடுத்துப் பூட்ட ரெண்டு நிமிசம், பூட்டின பிறகு ஹேண்டிலை ஒருக்கா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் திருப்பிப் பாத்திட்டுத்தான் சாவி போடுறது.